1971 டெல்லி ட்ரெஞ்சும் மெட்ராஸுக்கு போன ரயிலும்

டெல்லி த்வாரகால இருக்கற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. 2025 மே 7ஆம் தேதி மாக் ட்ரில்னு போர்க்கால ஒத்திகைக்கு சைரன் அடிச்சு, ராத்திரி 8 மணிலேர்ந்து 8:15 வரைக்கும் நியூ டெல்லி பக்கம் லைட்டெல்லாம் அணைச்சாங்களே, அதை டிவில பாத்ததுலேர்ந்து அவங்க எட்டு வயசு பொண்ணு தனியா தூங்க மாட்டேங்கறாளாம். மாமனார் வேற 1971 பாகிஸ்தான் போரப்ப இங்க பார்க்குக்கு பார்க் குழி வெட்டினாங்க, குழந்தைங்களை மெட்ராஸுக்கு ரயிலேத்தி விட்டோம்னு சொல்றாராம். அதெல்லாம் நிஜமா, அப்போ குழந்தையா இருந்தவங்க யாராவது சொல்லுங்க, இனிமே அப்படி ஒண்ணு வந்தா பொண்ணை கோயம்புத்தூர் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடறது நல்லதா? இதான் கேள்வி.

எனக்கு அப்போ ஒன்பது வயசு. ஆர்.கே.புரம் சர்க்கார் குவார்ட்டர்ஸ், அப்பா செக்ரட்டேரியட்ல க்ளார்க், அம்மா, அப்பாவோட அம்மா, நாலு வயசுல ஒரு தம்பி. பின்னாடி நானே இதே ஊர்ல முப்பது வருஷம் பசங்களுக்கு ஹிஸ்டரி எடுத்து ரிட்டயர் ஆனேன், அதனால கொஞ்சம் படிச்சும் வச்சிருக்கேன், கொஞ்சம் பட்டும் வச்சிருக்கேன். உங்க மாமனார் சொல்றது நிஜம் தாம்மா. ஆனா குழியையும் ரயிலையும் ஒரே மூச்சுல சொல்லிட்டார் பாருங்க, அங்க தான் நான் ஒத்துக்க மாட்டேன். குழியை பத்தி இன்னிக்கும் சிரிச்சுகிட்டே பேசுவேன். ரயில் அப்படி இல்ல.

முதல்ல குழி. பதுங்கு குழின்னு இப்ப எழுதறோம், அப்ப எங்க காலனில யாரும் அப்படி சொல்லல, ட்ரெஞ்ச் தான். பங்கர்னதும் உங்க பொண்ணு சினிமால வர்ற மாதிரி கான்க்ரீட் ரூம், இரும்பு கதவுன்னு நினைச்சிருப்பா. அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. குவார்ட்டர்ஸுக்கு நடுவுல புல்தரை இருக்குமே, அதுல கடப்பாரையும் மண்வெட்டியும் வச்சு வெட்டின திறந்த பள்ளம், பெரியவங்க நின்னா தோள் வரைக்கும் வரும், ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் ஒதுங்கணும் அவ்வளவு தான் அகலம். நேரா வெட்ட மாட்டாங்க, இங்கிலீஷ் எல் மாதிரி இல்லன்னா வளைச்சு வளைச்சு பாம்பு போற மாதிரி வெட்டுவாங்க. ஏன் இப்படி கோணலா வெட்டறாங்கன்னு நான் கேட்டதுக்கு அப்பா, வெட்டறவனுக்கு நேர்கோடு வராதுன்னார். பெரியவளானப்புறம் தான் தெரிஞ்சுது, குண்டு ஒரு முனைல விழுந்தா அதோட சிதறலும் காத்தழுத்தமும் நேர் பள்ளமா இருந்தா கடைசி வரைக்கும் போயிடும், திருப்பம் இருந்தா அங்கயே மண்ணுல மோதி நின்னுடும். அகலம் கம்மியா வைக்கறதும் அதுக்குதான், வாய் சின்னதா இருந்தா நேரா உள்ள வந்து விழற வாய்ப்பு குறையும். மேல கூரை இல்லையேன்னு கேப்பீங்க. குண்டால சாகறவங்கள்ல நிறைய பேர் குண்டு தலைல விழுந்து சாகறதில்ல, பக்கத்துல எங்கயோ விழுந்து அதோட இரும்புத் துண்டும் கண்ணாடியும் செங்கல்லும் பறந்து வந்து தான். தரை மட்டத்துக்கு கீழ போயிட்டா பறக்கறது எல்லாம் தலைக்கு மேல போயிடும். அவ்வளவு தான் தத்துவம்.

ஸ்கூல்லயும் சொல்லிக் குடுத்தாங்க, குப்புற படு, முழங்கையை ஊனி நெஞ்சை தரைலேர்ந்து தூக்கிக்கோ, காதுல விரல் வச்சுக்கோ, வாயை லேசா திறந்து வை. கர்ச்சீப்பை சுருட்டி பல்லுக்கு நடுவுல கடிச்சுக்கணும். எங்களுக்கு இது ஒரே சிரிப்பு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு, நெஞ்சை தரையோட ஒட்டி வச்சா பூமி அதிர்ற அதிர்ச்சி நேரா உடம்புக்குள்ள வரும், வாயை மூடி வச்சா காத்தழுத்தத்துல காது ஜவ்வு கிழியலாம்னு சொல்லுவாங்க. தம்பிக்கு கர்ச்சீப் கடிக்கறது ரொம்ப பிடிச்சு போய் சாப்பாட்டு நேரத்துலயும் கடிச்சுகிட்டு உக்காந்தான்.

டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அஞ்சே முக்கால் வாக்குல பாகிஸ்தான் விமானங்க அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர்னு வரிசையா ஏர்ஃபீல்டுங்களை அடிச்சுது, ஆக்ரா வரைக்கும் வந்துது. ஆக்ரா டெல்லிலேர்ந்து எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும், பின்னாடி தாஜ்மஹாலையே துணி போட்டு மறைச்சாங்க. எங்க காலனில இருந்து பாலம் ஏர்போர்ட் பக்கம், ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனும் அங்கயே தான், அதனால எங்க பயத்துல கொஞ்சம் நியாயம் இருந்துச்சு.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் தான் ஆகியிருந்துச்சு. பாட்டி பால்கனி கட்டைச் சுவர்ல இன்னும் அகல் ஏத்திகிட்டு தான் இருந்தா. சைரன் அடிச்சதும் தெருவுல விளக்கு எரியுதான்னு பாத்துகிட்டு வர்ற வார்டன் கீழேர்ந்து விசிலை ஊதி "பத்தி புஜாவோ, பத்தி புஜாவோ"ன்னு கத்தறார். ஹிந்தில பத்தின்னா விளக்கு. பாட்டிக்கு டெல்லி வந்து எட்டு வருஷமாகியும் ஹிந்தி ஒட்டல, அவ உள்ள போய் ஸ்வாமி படத்துகிட்ட இருந்த ஊதுபத்தியை அணைச்சுட்டு வந்து நிக்கறா, பால்கனில வரிசையா ஏழு அகல் ஜகஜ்ஜோதியா எரியுது. அம்மா ஓடிப் போய் முந்தானையால விசிறி அணைச்சா. கார்த்திகை விளக்கை வாயால ஊதி அணைக்கக் கூடாதுன்னு குண்டு விழற நேரத்துலயும் ஒரு சாஸ்திரம். பாட்டி வானத்தைப் பாத்து, இதை அணைச்சாச்சு, அதை யாரு அணைப்பான்னு கேட்டா. பௌர்ணமிக்கு மறுநாள் நிலா, பாலம் பக்கத்து பொட்டல் காடெல்லாம் பால் கொட்டின மாதிரி தெரியுது. ப்ளாக்அவுட் பண்ணின ஊர்ல நிலா எவ்வளவு வெளிச்சம்னு அன்னிக்கு தான் பாத்தேன். இன்னிக்கு டெல்லில நிலா இருக்கா இல்லையான்னே தெரியறதில்ல.

மறுநாள்லேர்ந்து வீடே மாறிடுச்சு. ஜன்னல் கண்ணாடி மேல கறுப்பு பேப்பர், அதுக்கும் மேல பெருக்கல் குறி மாதிரி காகிதப் பட்டை, கோதுமை மாவை பசையா காய்ச்சி ஒட்டினோம், கண்ணாடி உடைஞ்சா தூள் தூளா பறக்காம ஒட்டிகிட்டு நிக்கும்னு. கார், ஸ்கூட்டர் ஹெட்லைட்ல மேல் பாதிக்கு கறுப்பு பெயிண்ட். எங்க ரேடியோல டயல் பல்பு மஞ்சளா எரியுமே, அதுக்கு கூட துண்டு போத்தி வச்சு அப்பா அதுக்குள்ள தலையை விட்டுகிட்டு செய்தி கேப்பார், 3ஆம் தேதி நடுராத்திரி தாண்டி இந்திரா காந்தி பேசினதையும் அப்படித்தான் கேட்டார், அம்மாவுக்கு அவர் முதுகு தான் தெரிஞ்சுதாம். பெரிய கஷ்டம் அங்கீட்டி, அதான் கரி அடுப்பு. இப்ப இருக்கற பசங்களுக்கு தெரியாது, அப்ப டெல்லி குளிர்ல சாயங்காலமானா வீட்டுக்கு வீடு வாசல்ல நிலக்கரி அங்கீட்டி மூட்டி வைப்பாங்க, புகை அடங்கினதும் உள்ள எடுத்து வச்சு அதுலயே சப்பாத்தி, அதுலயே குளிர் காயறது. கரி சிவக்கிறது மேலேர்ந்து தெரியும்னு அதுக்கும் தடை. நாலரை மணிக்கே சமைச்சு அஞ்சரைக்கு சாப்ட்டு, இருட்டுல ரஜாய்ங்கற பஞ்சுப் போர்வைக்குள்ள ஏழு மணிக்கு படுத்துடுவோம்.

சைரன்ல ரெண்டு வகை, இதை உங்க பொண்ணுக்கு சொல்லி வைங்க. ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊளையிட்டா ஆபத்து வருதுன்னு அர்த்தம். ஒரே சீரா நீட்டி அடிச்சா ஆபத்து போயாச்சு, எழுந்து வரலாம். இந்த ரெண்டாவதை யாரும் குழந்தைங்களுக்கு சொல்லிக் குடுக்கறதில்ல, அதுங்களுக்கு ரெண்டுமே பயம் தான். எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் வாயாலயே ரெண்டையும் ஊதிக் காட்டினாங்க, அப்புறம் இன்டர்வெல்ல எல்லா பசங்களும் அதையே ஊதி ஊதி அவங்களே போதும்டாப்பான்னு காதை பொத்திகிட்டாங்க.

ட்ரெஞ்சுக்குள்ள நிஜமா எத்தனை தடவை இறங்கினோம்னு கேட்டா, மூணோ நாலோ தான். ரெண்டாவது தடவையே பெரியவங்க பாதி பேர் இந்த குளிர்ல யார் இறங்குவா, மாடிப்படிக்கு அடியில உக்காந்தா போதும்னுட்டாங்க. மாடிப்படி அடி நல்ல இடம் தான், கட்டடத்துலயே கெட்டியான மூலை அது. பகல்ல ட்ரெஞ்ச் முழுக்க எங்க ராஜ்யம். பஞ்சாபி பசங்க, பெங்காலி பசங்க, நாங்க, மலை மந்திர் முருகன் கோயில் பக்கத்துலேர்ந்து வர்ற பசங்க, எல்லாரும் அதுக்குள்ள தான் ஒளிஞ்சு விளையாட்டு. மலை மந்திரை அப்ப கட்டிகிட்டு இருந்தாங்க, கும்பாபிஷேகம் 1973ல தான் ஆச்சு, அந்த பாறை மேல ஏறி நின்னா விமானம் தெரியும்னு சொல்லி நாங்க ஏறுவோம், வாட்ச்மேன் துரத்துவார். அந்த போர்ல டெல்லி மேல ஒரு குண்டு கூட விழல. 13 நாள்ல போரே முடிஞ்சு போச்சு, டிசம்பர் 16 டாக்கால பாகிஸ்தான் சரணடைஞ்சு கையெழுத்தாயிடுச்சு. எனக்கு ட்ரெஞ்ச்னா ஈர மண் வாசனையும், கால்ல மண்புழு ஏறினதும், மேல் வீட்டு பையன் உள்ள விழுந்து பல்லை உடைச்சுகிட்டதும் தான்.

ஆனா இதை இவ்வளவு லேசா சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு, ஏன்னா நம்ம பாஷைல பதுங்கு குழி, பங்கர்ங்கற வார்த்தைங்க வீட்டு வார்த்தையா ஆனது டெல்லில இல்ல, யாழ்ப்பாணத்துல. அங்க வீட்டு வளவுக்குள்ள பனங்குத்தி அடுக்கி மண் மூட்டை போட்டு பங்கர் கட்டி, ஸ்கூல்லயும் வெட்டி வச்சு, 13 நாள் இல்ல, வருஷக்கணக்கா குழந்தைங்க அதுக்குள்ள ஓடி ஓடி வளந்துது. 1995 அக்டோபர் 30 ராத்திரி யாழ்ப்பாணமே மழைல நடந்து நாவற்குழி பாலம் தாண்டி தென்மராட்சிக்கு போச்சு, லட்சக்கணக்கான ஜனம். அவங்க யாராவது இந்த கேள்விக்கு பதில் எழுதினா என்னோடதை நீங்க படிக்கவே வேண்டாம்.

சரி, ரயிலுக்கு வரேன்.

அதுக்கு முன்னாடி எங்கம்மாவோட கதை ஒண்ணு சொல்லணும், ஏன்னா ரயில் அங்கேர்ந்து தான் கிளம்புது. அம்மா திருவல்லிக்கேணில பொறந்தவ. 1942ல அவளுக்கு ஏழு வயசு. அந்த வருஷம் ஏப்ரல் 5 ஜப்பான்காரன் கொழும்பை அடிச்சான், மறுநாளே விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாலயும் குண்டு விழுந்துது. அடுத்தது மெட்ராஸ் தான்னு பேச்சு, சர்க்காரே ஊர்ல வேலை இல்லாதவங்க எல்லாம் கிளம்பிடுங்கன்னு சொல்லிடுச்சு, ஆபீஸுங்க கோயம்புத்தூர், மதனப்பள்ளின்னு இடம் மாறிடுச்சு. எழும்பூர்ல ரயில் கூரை மேல ஜனம். வண்டி கிடைக்காதவங்க மாட்டு வண்டில செங்கல்பட்டு வரைக்கும் போனாங்க. சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க்ல தான் அப்ப மிருகக்காட்சி சாலை, குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஊருக்குள்ள வந்துடும்னு சிங்கம் புலியை எல்லாம் போலீஸை விட்டு சுட்டுட்டாங்க. இதை அம்மா எங்களுக்கு சொல்றப்ப ஒவ்வொரு தடவையும் கரடியையும்னு தனியா சொல்லுவா, கரடியை அவ பாத்திருக்கா போல. மெட்ராஸ்காரங்களுக்கு இது மாதிரி ஓடறது அதுக்கு முன்னாடியே பழக்கம் தான், 1914ல ஜெர்மன்காரனோட எம்டன் கப்பல் வந்து ஹார்பர்ல எண்ணெய் டேங்க்கை சுட்டப்பவும் ஊரே காலி. அப்பாவோட அம்மா அப்ப சின்ன குழந்தை, அதுலேர்ந்து அவளுக்கு அடங்காத ஆளுங்க எல்லாம் எம்டன் தான், என் தம்பி உள்பட.

அம்மாவோட அப்பாவுக்கு ஹார்பர் பக்கத்துல வேலை, விட்டுட்டு போக முடியாது, அவருக்கு சமைச்சு போட அம்மாவைப் பெத்த பாட்டியும் தங்கிட்டா. அம்மாவையும் அவ அக்காவையும் மட்டும் கும்பகோணம் பக்கத்து கிராமத்துக்கு ஒரு அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எட்டு மாசம். அங்க பக்கத்து வீட்டுல ரங்கூன்லேர்ந்து வந்த ஒரு குடும்பம், 1941 டிசம்பர்ல ரங்கூன்ல குண்டு விழுந்தப்புறம் காடு மலை வழியா மாசக்கணக்கா நடந்தே இந்தியா வந்தவங்க, அப்படி பர்மாலேர்ந்து வந்தது லட்சக்கணக்கான பேர், வழில காலராலயும் பசிலயும் செத்தவங்க ஆயிரக்கணக்குல. அந்த வீட்டுப் பொண்ணு அம்மா வயசு, எதைச் சாப்ட குடுத்தாலும் பாதியை பாவாடைல முடிஞ்சு வச்சுக்குமாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஊரே காலியா இருந்தப்ப மெட்ராஸ்ல ஒண்ணும் விழல. எல்லாரும் திரும்பி வந்து வாடகை எல்லாம் பழையபடி ஏறினப்புறம், 1943 அக்டோபர்ல ஒரே ஒரு விமானம் வந்து ஹார்பர் பக்கம் போட்டுட்டு போச்சு. அதனால அனுப்பறது வீண்னு சொல்ல வரல. ஆனா எங்க தாத்தா கடைசி வரைக்கும் அதைச் சொல்லி சிரிப்பார், அம்மா சிரிக்க மாட்டா. ஏன்னா நடுவுல ஒரு தடவை பாட்டி கிராமத்துக்கு வந்து பாத்தப்ப, அம்மா கொல்லைல வைக்கப்போருக்கு பின்னாடி போய் ஒளிஞ்சுகிட்டாளாம். கூப்பிட கூப்பிட வரலையாம். பாட்டி அழுதுகிட்டே மறுநாள் ரயிலுக்கு போயிட்டா.

1971 டிசம்பர் 6ஆம் தேதி வாக்குல மேல் வீட்டு மாமி தன் பொண்ணோட பிரசவத்துக்கு மெட்ராஸ் கிளம்பறாங்க. குழந்தைங்களை என்னோட அனுப்புங்களேன், உங்க அக்கா தான் திருவல்லிக்கேணில இருக்காளே, இங்க பாலம் பக்கத்துல எதுக்கு வச்சுகிட்டு உக்காந்திருக்கேள்னாங்க. அப்பாவுக்கு சரின்னு பட்டுது. அம்மா கிளம்ப முடியாது, அதுக்குள்ள அப்பாவோட அம்மாவுக்கு இடுப்பு எலும்புல அடி பட்டு படுத்த படுக்கை மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி இருட்டுல அவங்க பேசினது எனக்கு கேட்டுது. அம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணு, விழுந்தா அஞ்சு பேரும் சேந்தே போவோமே. அப்பா அதுக்கு, அபசகுனமா பேசாதேன்னுட்டார். பேச்சு அதோட முடிஞ்சுது.

பின்னாடி நான் லண்டன் கதையை பாடம் எடுக்கறப்ப இந்த வாக்கியத்தை அப்படியே பாத்தேன். 1939 செப்டம்பர் 1லேர்ந்து மூணே நாள்ல இங்கிலாந்துல சுமார் 15 லட்சம் பேரை பட்டணத்துலேர்ந்து கிராமத்துக்கு மாத்தினாங்க, பாதிக்கு மேல ஸ்கூல் பசங்க, அம்மா அப்பா இல்லாம, சட்டைல பேர் எழுதின அட்டை, தோள்ல காஸ் மாஸ்க் டப்பா. போன ஊர்ல ஹால்ல வரிசையா நிக்க வச்சு ஊர்க்காரங்க வந்து எனக்கு இது, எனக்கு அதுன்னு பொறுக்கிகிட்டு போனாங்களாம், கடைசி வரைக்கும் யாரும் எடுக்காம நின்ன குழந்தைங்க எண்பது வயசுலயும் அதைத்தான் சொல்லிச்சுங்க, குண்டை இல்ல. மாசக்கணக்கா குண்டே விழலன்னதும் 1940 ஜனவரிக்குள்ள கிட்டத்தட்ட பாதி பேரை அம்மாக்கள் திருப்பி கூட்டிகிட்டு வந்துட்டாங்க, செத்தா சேந்தே சாவோம்னு. அப்புறம் 1940 செப்டம்பர் 7லேர்ந்து 57 ராத்திரி விடாம லண்டன்ல குண்டு விழுந்துது, அதுவும் நிஜம். தோட்டத்துல நெளி தகரத்தை புதைச்சு மேல மண்ணைக் கொட்டி ஆறு பேர் உக்கார்ற மாதிரி ஆண்டர்சன் ஷெல்டர், மழை வந்தா முழங்கால் வரைக்கும் தண்ணி, மேல இருக்கற மண்ணுல கோஸ் பயிர் பண்ணினவங்க உண்டு.

கப்பல் கதை ஒண்ணு இருக்கு, அதை சொல்லாம விட மனசில்ல. கனடாவுக்கு குழந்தைங்களை பத்திரமா அனுப்பறோம்னு ஒரு கப்பல்ல 90 பேரை ஏத்தினாங்க, கப்பல் பேர் சிட்டி ஆஃப் பெனாரஸ், நம்ம காசி. சிப்பந்திகள்ல பெரும்பாலானவங்க இந்தியாக்காரங்க. 1940 செப்டம்பர் 17 ராத்திரி நடுக்கடல்ல ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்சு, அந்த 90 குழந்தைங்கள்ல 77 பேர் போயிட்டாங்க. கப்பல்காரங்கள்லயும் நம்ம ஆளுங்க நிறைய பேர் போனாங்க, அவங்களை பத்தி ரொம்ப நாள் யாரும் பேசல. அதோட கடல் தாண்டி அனுப்பறதையே நிறுத்திட்டாங்க. பத்திரம்னு நினைச்சு அனுப்பற இடம் பத்திரமான இடமா இருக்கணும்னு இல்ல.

அனா ஃப்ராய்ட்னு ஒரு அம்மா, மனோதத்துவத்துல பேர் போன அந்த பெரிய ஃப்ராய்டோட பொண்ணு தான், டோரதி பர்லிங்ஹாமோட சேந்து போர் நேரத்துல லண்டன் ஹாம்ப்ஸ்டெட்ல குழந்தைங்க காப்பகம் நடத்தினாங்க. குண்டு விழற ஊர்ல இருந்த குழந்தைங்களையும் பிரிச்சு அனுப்பின குழந்தைங்களையும் தினம் தினம் கவனிச்சு 1943ல எழுதினாங்க. அம்மா கூட இருந்து, அந்த அம்மாவும் ஓரளவு நிதானமா இருந்தா, குண்டு சத்தம் அந்த குழந்தைங்களை அவ்வளவா பாதிக்கல, அம்மாவை விட்டு பிரிஞ்சது தான் அதிகமா பாதிச்சுதுன்னு அவங்க பாத்தாங்க. அம்மா நடுங்கினா குழந்தையும் நடுங்கும். ரொம்ப நாள் கழிச்சு அம்மா வந்து பாத்தப்ப அம்மாவையே தெரியாத மாதிரி முகத்தை திருப்பிகிட்ட குழந்தைங்களும் அதுல இருக்கு. நான் அதை ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து படிச்சேன், அடுத்த பீரியட் போகல, தலைவலின்னு சொல்லிட்டேன்.

அதனால தங்கச்சி, உங்க கேள்விக்கு நேரா பதில். அனுப்பணும்னு நிலைமை வந்தா அனுப்புங்க, எல்லைல இருக்கற ஊர்னா யோசிக்காம அனுப்பணும். ஆனா நீங்களோ அவரோ ஒருத்தர் கூட போங்க. அது முடியலன்னா எத்தனை நாள்னு குழந்தைகிட்ட பொய் சொல்லாதீங்க. இங்கயே வச்சுக்கறதா இருந்தா அவளுக்கு ஒரு வேலை குடுங்க. எனக்கு குடுத்த வேலை டார்ச்சுக்கு ப்ரவுன் பேப்பர் சுத்தி வச்சுக்கறது, ஜன்னல் எல்லாம் மூடியாச்சான்னு சுத்தி வந்து அப்பாகிட்ட சொல்றது. அந்த உத்தியோகம் கிடைச்சதுலேர்ந்து சைரன் எப்ப அடிக்கும்னு காத்துகிட்டு இருந்தேன், பயமாவது ஒண்ணாவது. முக்கியமா டிவியை அணைங்க. எங்களுக்கு ரேடியோ ஒரு நாளைக்கு மூணு வேளை தான் பேசும், அதுவும் துண்டுக்குள்ள.

எங்களை அனுப்பறப்ப அப்பா நாலு நாள்ல வந்துடலாம்னார். ஜி.டி. எக்ஸ்பிரஸ், ரெண்டு ராத்திரி. ஆக்ரா தாண்டற வரைக்கும் பெட்டில விளக்கு இல்ல, ஜன்னல் ஷட்டர் எல்லாம் இறக்கி, யாரோ ஒருத்தர் பீடி பத்த வச்சதுக்கு பெட்டியே அவரை திட்டிச்சு. தம்பி போபால் வரைக்கும் அம்மா அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாளான்னு கேட்டுகிட்டே வந்தான். அப்புறம் கேக்கல. திருவல்லிக்கேணில பெரியம்மா எங்களை தாங்கினா, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, தினம் பீச், தினம் தேங்காய் மாங்காய் சுண்டல். 16ஆம் தேதி சாயங்காலம் தெருவுல யாரோ ஓடி வந்து போர் முடிஞ்சுதுன்னு கத்தினாங்க, நான் பெட்டியை எடுத்து துணி அடுக்க ஆரம்பிச்சுட்டேன். கூட்டிகிட்டு போக ஆள் வேணுமே. அப்பாவுக்கு லீவ் கிடையாது, மாமி பொண்ணுக்கு அப்ப தான் குழந்தை பொறந்திருக்கு. பொங்கல் வந்து போச்சு. நாலு நாள் ஏழு வாரமாச்சு. தம்பி பெரியம்மாவை அம்மான்னு கூப்ட ஆரம்பிச்சான். நான் அடிச்சேன். அவன் அதோட பெரியம்மாவை எதுவும் கூப்டறதில்ல, புடவையை பிடிச்சு இழுப்பான், அவ்வளவு தான்.

ஜனவரி கடைசில பெரியப்பா கொண்டு வந்து விட்டார். நியூ டெல்லி ஸ்டேஷன், காலங்காத்தால, மூச்சு விட்டா புகை. அம்மா ப்ளாட்ஃபார்ம்ல நிக்கறா, பச்சை ஸ்வெட்டர். நான் ஓடினேன். தம்பி இறங்கி, அம்மாவைப் பாத்துட்டு, பெரியப்பா வேஷ்டிக்கு பின்னாடி போய் நின்னுட்டான். வாடா கண்ணான்னு அப்பா தூக்கப் போனார், வீல்னு கத்தினான். அப்பாவுக்கு முகம் செத்து போச்சு.

அம்மா கிட்டயே போகல. அப்பாகிட்ட, விடுங்கோன்னு மட்டும் சொன்னா. எங்க ட்ரங்க் பெட்டி மேல, அவனுக்கு பாதி முதுகு காட்டினாப்ல உக்காந்தா. பையிலேர்ந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிச்சா, நாரெல்லாம் நிதானமா எடுத்து, சுளை சுளையா டிபன் மூடில வச்சா, மூடியை பெட்டி ஓரத்துல தள்ளி வச்சுட்டு அடுத்த ஆரஞ்சை உரிக்க ஆரம்பிச்சா. அவன் பக்கம் திரும்பவே இல்ல. கூலிக்காரர் வந்து அவசரப்படுத்தறார், பெரியப்பா குளிர்ல நடுங்கறார். ரெண்டாவது ஆரஞ்சு முடியறப்ப ஒரு சின்ன கை வந்து ஒரு சுளையை எடுத்துகிட்டு திரும்பி போச்சு. மூணாவது ஆரஞ்சுக்கு பெட்டி பக்கத்துலயே நின்னு சாப்ட்டான். அம்மா அப்பவும் தொடல.

ஆட்டோல என் மடில தான் உக்காந்தான். வீட்டுக்கு வந்தா ட்ரெஞ்சை பாதி மூடிட்டாங்க, மிச்சத்துல மழைத்தண்ணி நின்னு தவளை. அவனுக்கு அன்னிக்கு முழுக்க அந்த தவளை தான். ராத்திரி எனக்கும் பாட்டிக்கும் நடுவுல படுத்தான். நடு ராத்திரி குளிர்ல முழிச்சு பாக்கறேன், பக்கத்துல ஆள் இல்ல, அம்மா ரஜாய்க்கு வெளில ரெண்டு கால் மட்டும் நீட்டிகிட்டு இருக்கு.